எலியின் அறையில் எத்தனை டிகிரி?

(வட சென்னையின் எர்ணாவூரில் ஒரு மாலைநேர அறிவியல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சுண்டெலியின் உடம்புச் சூடு" என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். எலிக்குச் சூடு ஏறினால் என்ன, இறங்கினால் நமக்கென்ன என்று உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். நியாயமான கேள்விதான். சென்னை உள்ளிட்ட 8 நகரங்களில் 5,376 பெரியவர்களைப் பரிசோதித்து 2013-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 10.95 சதவீதம் பேருக்குத் தைராய்டு சுரப்பு குறைவாக இருந்தது. பத்துக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போட்டுவிட்டு, காபிக்காக அரைமணி நேரம் காத்திருப்பவர்கள் இந்த அரங்கிலேயே பலர் இருப்பீர்கள். அந்த மாத்திரை உடம்பின் சூட்டை என்ன செய்கிறது என்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதியைச் சொல்லித் தந்தவை எலிகள்தான். "கொழுப்பை எரிக்கும் கொழுப்பு கண்டுபிடிப்பு" என்று அவ்வப்போது செய்தித்தாளில் வருகிறதே, அதுவும் எலியிடமிருந்து வந்ததுதான்.

ஆனால் அந்தச் செய்தியை நம்புவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எலி இருந்த அறையில் எத்தனை டிகிரி? இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

வளர்ந்த சுண்டெலியின் எடை 25 கிராம் அளவில் இருக்கும். உடம்பின் சூடு நம்மைப் போலவே 37 டிகிரி செல்சியஸை ஒட்டி. உடம்பு சிறுத்தால், எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு பெருத்துவிடும். சூடு உண்டாவது உள்ளே. வெளியேறுவது தோல் வழியாக. அதனால் சின்ன உயிருக்கு எப்போதும் சூட்டுச் செலவு அதிகம். சூட்டுக்கென்று தனியாக எதையும் எரிக்காமல் சுண்டெலி நிம்மதியாக இருக்க வேண்டுமென்றால், சுற்றியுள்ள காற்று ஏறத்தாழ 30 டிகிரி இருக்க வேண்டும்.

ஆய்வுக்கூடங்களில் எலி வளர்க்கும் அறையில் எத்தனை டிகிரி வைக்கிறார்கள்? உலகெங்கும் பெரும்பாலும் 20 முதல் 22 வரை. கோட்டும் முகமூடியும் கையுறையும் போட்டு வேலை பார்க்கிற மனிதர்களுக்கு அது இதமாக இருக்கிறது. எலிக்கோ அது ஓயாத குளிர். அந்த அறையில் அது உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள வேண்டியிருப்பதால், சும்மா இருப்பதற்குத் தேவையானதைப் போல மொத்தத்தில் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை ஆற்றலைச் செலவழிக்கிறது. பிறந்தது முதல் சாகும்வரை அதற்கு மார்கழிதான்.

நம்மூர் எலிக்கு இந்தத் தொல்லை இல்லை. சென்னையில் ஜனவரி விடியற்காலையில்கூட 20 டிகிரிக்கு வெகு கீழே இறங்குவது அபூர்வம். நூற்றாண்டு தாண்டிய பதிவேட்டில் மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான். ஆண்டின் பெரும்பகுதி எர்ணாவூர்க் காற்று சுண்டெலி விரும்புகிற 30-ஐ ஒட்டியே இருக்கிறது. ஆக, நம் வீட்டுப் பரணில் ஓடுகிற எலியும், வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக் கூண்டில் இருக்கிற எலியும் ஒரே இனமாக இருக்கலாம். ஆனால் உடம்புக்குள் நடப்பது வேறு. மிகப் பெரிய வித்தியாசம் தெரிகிற இடம் அவற்றின் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே இருக்கிறது. அதுதான் பழுப்புக் கொழுப்பு.

1551-இல் கொன்ராட் கெஸ்னர் என்ற சுவிஸ் அறிஞர், குளிர்காலம் முழுதும் உறங்கும் மார்மட் என்ற மலை விலங்கை அறுத்துப் பார்த்து, கொழுப்பு என்றும் சொல்ல முடியாத, தசை என்றும் சொல்ல முடியாத ஒரு பொருள் அதன் முதுகில் இருப்பதாக எழுதினார். அதன் பிறகு நானூறு ஆண்டுகள் அது எதற்கென்று தெரியாமலே, "உறக்கச் சுரப்பி" என்று பெயர் வைத்துக் காலத்தை ஓட்டினார்கள். 1960-களின் தொடக்கத்தில்தான், குளிரில் பழகிய எலிகளில் அது சூடு உண்டாக்குகிறது என்று தெரிய வந்தது. 1978-இல் கனடாவில் ஃபாஸ்டர், ஃபிரைட்மன் என்ற இருவர், குளிர் பட்டால் எலியின் இரத்தம் எந்த உறுப்புக்கு எவ்வளவு பாய்கிறது என்று அளந்தார்கள். குளிருக்குப் பழகிய எலி நடுக்கமே இல்லாமல் உண்டாக்கும் சூட்டில் பெரும்பங்கு இந்தச் சிறு கொழுப்பிலிருந்து வருகிறது என்று அவர்கள் காட்டினார்கள்.

எப்படி வருகிறது? இதைப் புரிந்துகொள்ள உங்களைவிடத் தகுதியான அவை எனக்குக் கிடைக்காது. எண்ணூர் அனல் மின் நிலையத்தில் 1970 முதல் 2017 வரை வேலை பார்த்த குடும்பங்கள் இந்தப் பகுதியில் உண்டு. வட சென்னை அனல் மின் நிலையத்தில் இன்றும் வேலை பார்ப்பவர்கள் உண்டு. நிலக்கரியை எரித்து நீராவி அழுத்தத்தை ஏற்றுகிறோம். அந்த அழுத்தம் டர்பைனைச் சுற்றுகிறது, மின்சாரம் வருகிறது. நம் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் இப்படித்தான். உணவை எரித்து, உள்சவ்வின் ஒரு பக்கத்தில் புரோட்டான்களைத் தள்ளி அழுத்தம் ஏற்றுகிறது. அவை திரும்பி வரும் வழியில் நிஜமாகவே சுழலுகிற ஒரு புரத எந்திரம் இருக்கிறது. அது சுழன்றால் ஏடிபி என்ற ஆற்றல் நாணயம் உருவாகும். இனி ஒரு சங்கதி. டர்பைனுக்குள் விடாமல் நீராவியைப் பக்கக் குழாய் வழியாகத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு உங்களுக்குத் தெரியும். அதைத் திறந்தால் கரி எரியும், சூடு இருக்கும், மின்சாரம் மட்டும் வராது. பழுப்புக் கொழுப்பில் அந்த வால்வுக்கு யுசிபி-1 என்று பெயர். அது ஒரு புரதம். அது திறந்ததும் புரோட்டான்கள் எந்திரத்தைச் சுற்றாமலே திரும்பிவிடுகின்றன. எரிந்த கொழுப்பெல்லாம் சூடாகிறது. மின் நிலையத்தில் அது நஷ்டம். குளிரில் இருக்கும் எலிக்கு அதுதான் உயிர்.

வால்வைத் திறக்கச் சொல்வது மூளை. தோல் குளிரை உணர்ந்ததும் ஹைப்போதலாமஸுக்குத் தகவல் போகிறது. அங்கிருந்து பரிவு நரம்புகள் வழியே கட்டளை இறங்குகிறது. நரம்பு முனையில் நோர்அட்ரினலின் சுரக்கிறது. கொழுப்புத் துளிகள் உடைந்து, கொழுப்பு அமிலங்கள் வெளிவந்து, அவையே எரிபொருளாகவும் வால்வின் சாவியாகவும் ஆகின்றன.

தைராய்டு இதில் எங்கே வருகிறது? கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி பெரும்பாலும் வெளியிடுவது டி-4, அதாவது தைராக்சின். அதில் நான்கு அயோடின் அணுக்கள். இது ஏறக்குறைய இருப்புச் சரக்கு. அதிலிருந்து ஓர் அயோடினைக் கழற்றினால் டி-3. உண்மையில் வேலை செய்வது இதுதான். இந்த அயோடின் கடலோரத்து உப்பில் தானாகவே போதுமான அளவு இருக்கும் என்று நம்மூரில் ஒரு நினைப்பு உண்டு. இல்லை. வள்ளூர், அத்திப்பட்டு உப்பளங்களின் உப்பானாலும் அயோடின் சேர்த்தால்தான் உண்டு. 1956-இல் இமாசலத்தின் காங்கிரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசுவாமி தலைமையில் தொடங்கிய ஆய்வுதான், அயோடின் சேர்த்த உப்பு முன்கழுத்துக் கழலையைக் குறைக்கும் என்று நம் நாட்டில் நிறுவியது.

1983-இல் அமெரிக்காவில் சில்வா, லார்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தது அழகான விஷயம். பழுப்புக் கொழுப்பு, டி-3 எப்போது வரும் என்று இரத்தத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பதில்லை. குளிர்க் கட்டளை வந்ததும், டி-4-இலிருந்து அயோடினைக் கழற்றும் நொதியைத் தனக்குள்ளேயே பல மடங்கு பெருக்கிக்கொண்டு, தேவையான டி-3-ஐ அங்கேயே செய்துகொள்கிறது. அந்த டி-3 செல்லின் கருவுக்குள் போய், யுசிபி-1 புரதத்தை இன்னும் செய் என்று மரபணுவுக்கு உத்தரவிடுகிறது. நரம்பும் தைராய்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். ஒன்றில்லாமல் மற்றொன்று அரைகுறை. தைராய்டை எடுத்துவிட்ட எலியைக் கடுங்குளிரில் விட்டால் அது தாங்குவதில்லை. 2001-இல் அந்த நொதிக்கான மரபணுவை மட்டும் நீக்கிய எலிகளைச் செய்தார்கள். இரத்தத்தில் தைராய்டு அளவில் குறை இல்லை. ஆனாலும் குளிரில் உடம்புச் சூடு இறங்கியது. நடுங்கி நடுங்கித்தான் அவை பிழைத்தன.

இதுவரை கதை நேராகப் போகிறது. தைராய்டு பழுப்புக் கொழுப்பை ஏவுகிறது, பழுப்புக் கொழுப்பு சூடு தருகிறது. பள்ளிப் பாடம் இத்தோடு முடிந்துவிடும். அறையின் வெப்பநிலையைக் கேட்டால்தான் கதை திரும்புகிறது.

1997-இல் அமெரிக்காவின் மெய்ன் மாகாணத்து ஜாக்சன் ஆய்வகத்தில் லெஸ்லி கோசக் குழுவினர் யுசிபி-1 இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். கொழுப்பை எரிக்கும் வால்வே இல்லையே, எலி கொழுத்துவிடும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். எலி கொழுக்கவில்லை. குளிரைத் தாங்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே பழுப்புக் கொழுப்புக்கும் உடற்பருமனுக்கும் தொடர்பில்லை என்று பேச்சு கிளம்பியது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2009-இல், சுவீடனின் ஸ்டாக்ஹோமில் பார்பரா கேனன், யான் நெடர்கார்ட் குழுவினர் அதே வகை எலிகளை 30 டிகிரி அறையில் வைத்தார்கள். இப்போது எலி கொழுத்தது. முன்பு குளிர்ந்த அறையில், வால்வு இல்லாத எலி நடுங்கியே தன் கொழுப்பையெல்லாம் செலவழித்துவிட்டது. அதனால் உண்மை தெரியவில்லை. ஒரே எலி, ஒரே மரபணு, அறை மாறியதும் முடிவு தலைகீழானது.

தைராய்டிலும் இதே கதைதான். சுவீடனில் யென்ஸ் மிட்டாக் குழுவினர், தைராய்டு ஹார்மோனை ஏற்கும் புரதங்களில் ஒன்று பழுதான எலிகளை ஆராய்ந்தார்கள். அவற்றின் பழுப்புக் கொழுப்பு ஓயாமல் எரிந்தது. தீனி அதிகம், உடம்பு ஏறவில்லை. பழுது கொழுப்பில் என்றுதானே நினைப்போம்? 2013-இல் அவர்கள் சுட்டியது எலியின் வாலை. முடியில்லாத வால்தான் எலி சூட்டை வெளியே விடும் இடம். குளிர்ந்தால் வாலின் இரத்தக் குழாய்கள் சுருங்க வேண்டும். இந்த எலிகளில் அவை சரியாகச் சுருங்கவில்லை. சூடு வால் வழியே ஒழுகிக்கொண்டே இருந்தது. பாவம், பழுப்புக் கொழுப்பு அதை ஈடுகட்ட ஓடிக்கொண்டிருந்தது. 30 டிகிரி அறைக்கு மாற்றினால் அந்த ஓட்டம் அடங்கிவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்பு சொன்ன கேனன், நெடர்கார்ட் குழுவினர் 30 டிகிரி அறையில் இருந்த எலிகளுக்குத் தைராக்சின் ஊசி போட்டுப் பார்த்து 2019-இல் எழுதினார்கள். எலியின் உடம்புச் சூடு ஏறியது. யுசிபி-1 இல்லாத எலிக்கும் அதே அளவு ஏறியது! அப்படியானால் தைராக்சின் ஏற்றிய சூட்டுக்குப் பழுப்புக் கொழுப்பு கட்டாயமில்லை. மேலும், ஏறிய சூட்டை அந்த எலிகள் வெளியேற்ற முயலவில்லை. அறையின் வெப்பநிலையை மாற்றினாலும் விடாமல் காத்துக்கொண்டன. காய்ச்சல் வந்தால் நம் உடம்பு எப்படி 37-ஐ விட்டு 39-ஐத் தன் இலக்காக்கிக்கொள்கிறதோ, அப்படி மூளை உடம்பின் இலக்கையே மேலே தள்ளிவைத்துவிடுகிறது. தைராய்டு அதிகமாகச் சுரப்பவர் அக்கினி நட்சத்திரத்தில் "வெந்து போகிறேன்" என்று தவிப்பதையும், குறைவாகச் சுரப்பவர் மின்விசிறியை நிறுத்தச் சொல்வதையும் வெறும் மனப்பிரமை என்று வீட்டில் யாரும் தள்ளிவிடாதீர்கள். உடம்பின் சூட்டுக் கணக்கே அவர்களுக்கு வேறு.

கொழுப்பை எரித்து இளைக்கலாமே என்ற ஆசைக்கு இப்போது வருவோம். ரசாயனத் தொழிற்சாலைகளின் நடுவே வாழும் நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும். முதல் உலகப் போரின்போது பிரான்சின் வெடிமருந்து ஆலைகளில் டைநைட்ரோபீனால் என்ற பொருளைக் கையாண்ட தொழிலாளர்கள் வியர்த்துக் கொட்டி, இளைத்து, சூடு ஏறி இறந்தார்கள். அந்த ரசாயனம் செய்தது யுசிபி-1 செய்யும் அதே வேலை. ஆனால் பழுப்புக் கொழுப்பில் மட்டும், மூளை சொன்னபோது மட்டும் என்றில்லாமல், உடம்பின் எல்லாச் செல்லிலும் எந்நேரமும். 1933-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் இதையே இளைக்கும் மருந்தாக அறிமுகப்படுத்தினார்கள். ஓர் ஆண்டுக்குள் ஒரு லட்சம் பேர் அளவில் விழுங்கினார்கள். பலர் கண்புரை வந்து பார்வை இழந்தார்கள், சிலர் உள்ளேயே வெந்து இறந்தார்கள். 1938-இல் அது நிறுத்தப்பட்டது. இன்றும் இணையத்தில் திருட்டுத்தனமாக விற்கிறார்கள். அதன் நஞ்சை முறிக்க மருந்து கிடையாது. தைராய்டு நன்றாக இருப்பவர் இளைப்பதற்காகத் தைராய்டு மாத்திரை விழுங்குவதும் இதே வழியில் ஒரு படிதான். முதலில் அடி வாங்குவது இதயமும் எலும்பும். தைராய்டு குறைந்தவருக்கு அது மருந்து, மற்றவருக்கு விஷம்.

பெரியவர்களுக்குப் பழுப்புக் கொழுப்பே கிடையாது என்று நீண்ட காலம் நினைத்தார்கள். 1981-இல் பின்லாந்தில், குளிரில் வெளிவேலை செய்தவர்களின் கழுத்து இரத்தக் குழாய்களைச் சுற்றி அது இருப்பதைப் பார்த்தார்கள். 2009-இல் மூன்று குழுக்கள் ஸ்கேன் மூலம் உயிரோடிருக்கும் பெரியவர்களிடமே அதைக் காட்டின. 2014-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில், அங்கே வாழும் தெற்காசிய வம்சாவளி இளைஞர்கள் 12 பேரையும் ஐரோப்பிய வம்சாவளியினர் 12 பேரையும் ஒப்பிட்டபோது, நம்மவர்களுக்கு அது மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. சிறிய ஆய்வு, அதைக்கொண்டு பெரிய முடிவு கட்டக் கூடாது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிய விடிய ஐஸ் அள்ளுகிறவர்களின் உடம்பையும் மதியம் வெயிலில் கன்டெய்னர் ஓட்டுகிறவர்களின் உடம்பையும் யாராவது அளந்தால், அது நமக்கு லைடன் கணக்கைவிட அதிகம் சொல்லும். நம் இளம் மாணவர்களுக்கு இதை வேலையாகவே விட்டுச் செல்கிறேன்.

ஆனால் மனிதரில் பழுப்புக் கொழுப்பை உயிருக்கு உயிராக நம்பியிருப்பவர் ஒருவர் உண்டு. பிறந்த குழந்தை. சின்ன உடம்பு, பெரிய தோல், நடுங்கிச் சூடேற்றத் தெரியாது. எலியைப் போலவே தோள்பட்டைகளுக்கு நடுவிலும், கழுத்தடியிலும், சிறுநீரகங்களைச் சுற்றியும் பழுப்புக் கொழுப்போடு பிறக்கிறது. ஆடையில்லாத பச்சிளங்குழந்தைக்கு இதமான காற்று 32 டிகிரிக்கு மேல். தாயின் வயிற்றில் 37-இல் இருந்த அது, நம்மூரில் எந்த மாதத்தில் பிறந்தாலும் முதலில் சந்திப்பது வெளியிலுள்ள வெயிலை அல்ல. ஏசி போட்ட பிரசவ அறையை, அறுவை அரங்கை. எர்ணாவூர்க் குழந்தை தன் வாழ்நாளில் சந்திக்கும் மிகக் கடுமையான குளிர் அதன் முதல் மணி நேரத்தில் வந்துவிடுகிறது. கோட்டுப் போட்டவர்களுக்கு இதமான அறை, உள்ளே இருக்கும் சின்ன உயிருக்குக் குளிர். எலி அறையில் பார்த்த அதே பிழை. பிரசவ அறை 25 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான். குளிர்ந்த குழந்தை பழுப்புக் கொழுப்பை எரிக்கும். எரிக்க ஆக்சிஜனும் சர்க்கரையும் செலவாகும். மூச்சு திணறும், இரத்தச் சர்க்கரை இறங்கும்.

அந்தக் குளிர்தான், தொப்புள்கொடி அறுபடுவதோடு சேர்ந்து, குழந்தையின் தைராய்டையும் தட்டி எழுப்புகிறது. பிறந்த அரைமணி நேரத்தில் தைராய்டை ஏவும் டிஎஸ்எச் ஹார்மோன் உச்சத்துக்குப் போய், இரண்டு நாளில் இறங்கிவிடும். ஆகவே அந்த உச்சத்துக்கு முன்னால் தொப்புள்கொடி இரத்தத்திலோ, அடங்கிய பிறகு 48 மணி நேரம் கழித்துக் குதிகாலில் குத்தி எடுத்த துளியிலோதான் பிறவித் தைராய்டு குறைபாட்டைச் சோதிக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை உட்பட ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைச் சோதித்து 2018-இல் வெளியிட்ட கணக்கில், 1,130 குழந்தைகளில் ஒன்றுக்கு இக்குறை இருந்தது. சென்னையில் அதைவிடக் கூடுதல். இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் குழந்தையின் மூளை மற்றவர்களைப் போலவே வளரும். தவறவிட்டால் அந்த இழப்பைப் பின்னால் ஈடுசெய்ய முடியாது. மாத்திரையின் விலை ஒரு தேநீருக்கும் குறைவு.

எனவே உங்கள் வீட்டுப் பெண் பிரசவத்துக்குப் போகும்போது, ஸ்டான்லி அரசு மருத்துவமனை ஆனாலும் சரி, தனியார் மருத்துவமனை ஆனாலும் சரி, நான்கு காரியம் கவனியுங்கள். பிரசவ அறையில் ஏசி எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று கேளுங்கள். குழந்தையைத் துடைத்து உடனே தாயின் மார்போடு சேர்த்துப் போர்த்தச் சொல்லுங்கள். முதல் நாள் குளிப்பாட்டல் வேண்டாம் என்று பாட்டிமார்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். தைராய்டு சோதனைக்கு இரத்தம் எடுத்தாயிற்றா, முடிவு எப்போது வரும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நல்ல மருத்துவர் யாரும் இந்தக் கேள்விக்குக் கோபிக்க மாட்டார்.